ஜீப் ஷாக்கிள் போல்ட் வர மறுக்கிறதா? சம்மட்டியைக் கீழே வையுங்கள்!

மாங்காய் பறிப்புக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வேதாரண்யம் பக்கம், பெயர் ‘புலம்’ என்று முடியும் ஊர்களில் ஒன்று. அங்கே மூன்று ஏக்கர் மாந்தோப்பும் கொஞ்சம் முல்லைக் கொல்லையும் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் 1996 மாடல் கமாண்டர் ஜீப், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இடதுபுறம் சாய்ந்து நின்றது. பின்பக்க இடது ஸ்பிரிங்கில் மெயின் பட்டை முறிந்துவிட்டது. ஸ்பிரிங் கட்டைக் கழற்றி, பட்டையை மாற்றிப் பூட்ட வேண்டும். பட்டறையில் வேலை குவிந்து கிடந்ததால், ஒரு வாரம் கழித்து வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். தோப்பிலிருந்து காயை ஏற்ற அந்த ஒரு வண்டிதான். ஒரு வாரம் காத்திருந்தால், முதல் பறிப்புக்கு வாடகை வண்டி பிடிக்க வேண்டும்.

பவர் டில்லரையும் மோட்டாரையும் தானே பிரித்து மாட்டிப் பழகிய கை. மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். ஸ்பிரிங்கின் முன்பக்கக் கண்ணில் இருந்த போல்ட் ஒரு மணி நேரத்தில் வந்தது. பின்பக்கம், ஷாக்கிளில் இருந்த போல்ட்தான் வம்பு செய்தது. நட் கழன்றுவிட்டது. போல்ட் அசையவில்லை. இரண்டு நாள் சம்மட்டியால் அடித்ததில் போல்ட்டின் நுனி காளான்போல விரிந்ததுதான் மிச்சம். இனி அது கழன்றாலும் ஓட்டை வழியாக வெளியே வராது.

மூன்றாம் நாள் காலை பால் வாங்க வந்தார் பக்கத்துத் தெருப் பெரியவர். பேருந்துப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜீப்புக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்து, வண்டி எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தார். ஒரு ஜாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஹாலோ பிளாக் கல்.

“தம்பி, மொதல்ல வெளிய வாங்க. பேச்சு அப்புறம்.”

வெளியே வந்தவருக்குக் கீழ்க்கல்லைச் சுட்டிக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. மேலே அடித்த ஒவ்வொரு சம்மட்டி அடிக்கும் கீழே அது விரிந்துகொண்டிருந்திருக்கிறது.

கல்லை நம்பி அடியில் படுக்கக் கூடாது

ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் சுவருக்கு ஏற்றவை. பரவலாக இறங்கும் பாரத்தைத் தாங்கும். ஒரே இடத்தில் இரும்பு முனை குத்தி அழுத்தினால், முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். மரம் அப்படியல்ல. உடையும் முன் நசுங்கும், முனகும். ஓடிவர நேரம் கொடுக்கும். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்கத்தான். தாங்கி நிற்க அல்ல. எண்ணெய் ஜாக்கியில் ஒரு சீல் போனாலும் மெல்ல இறங்கிவிடும்.

அன்றைக்கு முதல் வேலையாகப் பெரியவர் செய்தது வண்டியைச் சரியாக நிறுத்தியதுதான். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் அடைகட்டை கொடுத்தார். அந்தப் பக்கம் மணல் பூமி. ஜாக்கி ஒரு பக்கமாகப் புதையும். அதனால் ஜாக்கிக்கு அடியில் இரண்டங்குலக் கனமுள்ள பலகை. ஓர் இரும்பு ஸ்டாண்ட் பக்கத்து ஊர் டிராக்டர் பட்டறையில் இரவல் கிடைத்தது. அதைச் சேஸின் கீழ் நிறுத்தி, பாரத்தை அதன்மேல் இறக்கினார்கள். ஸ்டாண்ட் கிடைக்காதவர்கள் சதுரமாக அறுத்த கனமான புளியங்கட்டைகளையோ வேப்பங்கட்டைகளையோ இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிக்கொள்ளலாம். சவுக்குக் கழி வேண்டாம், உருண்டுவிடும். கழற்றிய சக்கரத்தைச் சேஸுக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டால், எது நழுவினாலும் வண்டி அந்த டயரின்மேல் விழும், ஆள்மேல் விழாது. பிறகு வண்டியை இரண்டு கையாலும் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால்தான் அடியில் போகலாம். அப்போதும் தனியாக இல்லை. கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

ஜாக்கி சரிந்து ஆள் சிக்கிய செய்தி அவ்வப்போது வரத்தான் செய்கிறது. அதில் பெரும்பாலும் ‘ஐந்து நிமிட வேலைதானே’ என்று அடியில் போனவர்கள்தான்.

ரப்பர் தின்ற அடி

ஏன் இரண்டு நாள் அடித்தும் போல்ட் அசையவில்லை? இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்பிரிங் பட்டையின் முனையில் சுருட்டிய வளையம் இருக்கிறது. அதைக் கண் என்பார்கள். கண்ணுக்குள் புஷ். சில பழைய வண்டிகளில் பித்தளை புஷ்ஷும், கிரீஸ் நிப்பிள் வைத்த பின்னும் இருக்கும். இந்த ஜீப்பில் இருந்தது ரப்பர் புஷ். நடுவில் ஓர் இரும்புக் குழல், அதைச் சுற்றி ரப்பர், அதற்கு வெளியே இன்னொரு இரும்புக் குழல். போல்ட் அந்த உள்குழல் வழியாகப் போகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். போல்ட்டுக்கும் குழலுக்கும் இடையே இருந்த தாள் கன இடைவெளியைத் துரு நிரப்பி, இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

இப்போது போல்ட்டை அடித்தால் என்ன ஆகும்? போல்ட்டும் குழலும் சேர்ந்து நகரப் பார்க்கும். சுற்றியிருக்கும் ரப்பர் அமுங்கி, அடியை வாங்கிக்கொண்டு, திரும்பவும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். அடி முழுவதும் ரப்பருக்குப் போகிறது, துருவுக்குப் போகவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. போல்ட்டின் தலையில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்ப வேண்டும். கொஞ்சம் திரும்பி, கையை விட்டதும் ஸ்பிரிங்போலத் திரும்பி வந்தால், போல்ட் உள்குழலோடு ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அடிப்பது வீண். திரும்பவே இல்லை என்றால், மரையிலோ ஷாக்கிள் தகட்டிலோ துரு பிடித்திருக்கிறது. அதற்கு எண்ணெயும் பொறுமையும் போதும்.

கடலோரத்தில் உப்புக்காற்றைக் குறை சொல்வது வழக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அந்தப் பக்கம் கரை கடந்த பிறகு, பல மாதம் சேற்று ரோட்டில் ஓடிய வண்டி இது. ஆனால், கடலையே பார்க்காத ஊர் வண்டிகளுக்கும் இந்தத் தொல்லை வருகிறது. காரணம் உரமூட்டை. பொட்டாஷ் என்று வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. அம்மோனியம் சல்பேட் ஈரத்தில் அமிலத்தன்மை காட்டும். யூரியா காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியது தரைத்தகட்டின் இடுக்கு வழியாக இறங்கி, ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்கிறது. முதல் மழைக்கு அது கரைந்து, உப்புக்கரைசலாகவே வேலை செய்கிறது.

எண்ணெய்க்கு இரண்டு நாள்

ஆக்சிலோடு ஸ்பிரிங்கைக் கட்டும் யூ போல்ட் நட்டுகள் நாலும் இறுகித்தான் இருந்தன. அவை எண்ணெய்க்கு இணங்கும் வகை. முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, மண்ணையும் பழைய கிரீஸையும் எடுத்தார்கள். பலர் இதைச் செய்வதில்லை. மண்மேல் ஊற்றிய எண்ணெய் மண்ணைத்தான் நனைக்கும்.

துரு இளக்கும் ஸ்ப்ரே ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. அதுவே நல்லது. அது இல்லாதபோது, அசிட்டோனும் பவர் ஸ்டீயரிங் எண்ணெயும் சம அளவு கலந்து விடுகிறவர்கள் உண்டு. நன்றாக வேலை செய்யும். ஆனால், அசிட்டோன் பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கும். பீடி, அடுப்பு, கிரைண்டர் எதுவும் பக்கத்தில் ஆகாது. மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றினால் சீக்கிரம் காய்ந்துவிடும். கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்தால் நிற்கும். எதுவானாலும் காலையும் மாலையும் விட்டு, இடையில் நட்டின் பக்கத்தில் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். ஒரே நாளில் ஒரு டப்பாவைக் காலி செய்வதைவிட இரண்டு நாளில் ஆறு தடவை விடுவது மேல்.

கழற்றும்போது, முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு திருப்பிவிட்டு, பிறகு கழற்றும் திசைக்குப் போக வேண்டும். துருவின் பிடி முதலில் உடைவது எந்தப் பக்கம் என்றாலும் லாபம்தான். கால் சுற்று வந்ததும் உற்சாகத்தில் இழுத்துவிடாமல், கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று போக வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் உடைந்த துரு மரைக்குள் சிக்கி, போல்ட் முறுக்கி ஒடியும்.

ஸ்பேனர் விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. பழைய ஜீப்களில் சில போல்ட் அங்குல அளவு, சில மில்லிமீட்டர் அளவு. முக்கால் அங்குலத் தலைக்கு 19 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தாழச் சரியாக உட்காரும். ஆனால், 9/16 அங்குலத் தலைக்கு 14 நுழையாது, 15 லொடலொடக்கும். லொடலொடக்கும் ஸ்பேனரில் பைப் போட்டு இழுத்தால் தலை உருண்டையாகிவிடும். துரு பிடித்த நட்டுக்கு ஆறு முனை சாக்கெட்தான் சரி. பன்னிரண்டு முனை வழுக்கும். 1940, 50களின் பழைய வில்லிஸ் வகை ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: யூ வடிவ ஷாக்கிள்களில் சில இடது மரை. அதை வலது மரை என்று நினைத்துப் பைப் போட்டவர்கள், கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

பாரம் எங்கே இருக்கிறது?

துரு இல்லாத போல்ட்டும் சில நேரம் வராது. ஸ்பிரிங்கின் விசை அதன்மேல் உட்கார்ந்திருக்கும். சேஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஆக்சில் கீழே தொங்கும். அந்த எடை முழுவதும் ஷாக்கிளைக் கீழே இழுக்கும். ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி வைத்து, இம்மி இம்மியாக ஏற்றியும் இறக்கியும் பார்க்க வேண்டும். ஷாக்கிள் தகட்டைக் கையால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடும் ஓர் இடம் வரும். அந்த இடத்தில் போல்ட்டின்மேல் பாரம் இல்லை. அனுபவசாலிகள் சுலபமாகக் கழற்றுவதன் ரகசியம் கைபலம் அல்ல, இந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

ஆக்சிலைத் தொங்கவிடும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சில் நகர்ந்துவிடும். திரும்பப் பொருத்துவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

வெட்டத்தான் வேண்டும் என்றால்

குழலோடு ஒட்டிய அந்த ஷாக்கிள் போல்ட்டை வெட்டுவதென்று முடிவானது. ஷாக்கிள் தகட்டுக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் நடுவே சிறிய இடுக்கு இருக்கிறது. அங்கேதான் வெட்ட வேண்டும், இரண்டு பக்கமும். போல்ட்டும் புஷ்ஷும் போகும். எப்படியும் புதிது போடுவதுதான். ஷாக்கிளும் கண்ணும் தப்பும்.

கேஸ் வைத்து அறுக்கலாமே என்றார் மகன். பெரியவர் ஒப்பவில்லை. அவர் சொன்ன காரணம் எல்லா விவசாயிகளும் நினைவில் வைக்க வேண்டியது. ஸ்பிரிங் பட்டை பதம் ஏற்றிய எஃகு. சிவக்கச் சூடு பட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும். லோடு ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும்போது, சூடு பட்ட இடத்தில்தான் முறியும். பட்டையில் வெல்டிங் வைப்பதும் அதே கதைதான். முறிந்த பட்டையை ஒட்டவைத்து ஓட்டுவது சிக்கனம் அல்ல. ரப்பர் புஷ்ஷைத் தீ வைத்து எரிப்பது இன்னொரு கெட்ட வழக்கம்; புகை நெஞ்சைப் பிடிக்கும். ஷாக் அப்சார்பர் பக்கம் தீயே காட்டக் கூடாது. அது அடைத்த குழாய். உள்ளே எண்ணெய் சூடேறினால் வெடிக்கும்.

முதலில் ஹேக்ஸா பிளேடால் தொடங்கி, பிறகு மெல்லிய கட்டிங் டிஸ்க் போட்ட நாலங்குல கிரைண்டருக்குப் போனார்கள். அதற்கு முன் பேட்டரி ஒயர் கழற்றப்பட்டது. டீசல் டேங்க் பக்கம் பொறி போகாமல் தகரம் ஒன்று மறைப்பாக நின்றது. கொட்டகையில் இருந்த வைக்கோல் முழுவதும் இடம் மாறியது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு கூடை மணல். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடக் கூடாது. படுத்துக்கொண்டு வெட்டும்போது பொறி முகத்துக்குத்தான் வரும். எண்ணெய் ஊறிய இடத்தை முன்பே துணியால் துடைத்துக் காயவிட்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் ஸ்பிரிங் கட்டு கீழே இறங்கியது. இரண்டு நாள் சம்மட்டிக்கு அடங்காத வேலை.

கண்ணில் மிச்சமிருந்த புஷ்ஷை எடுக்கப் பெரிய பிரஸ் தேவையில்லை. நீளமான மரை போட்ட கம்பி, இரண்டு நட், கனமான வாஷர்கள், இரண்டு குழாய்த் துண்டு போதும். ஒரு குழாய் கண்ணின் ஓட்டைக்குள் நுழையும் அளவு, அது தள்ளும். இன்னொன்று புஷ்ஷைவிடப் பெரிது. தள்ளியது அதற்குள் வந்து விழும். நட்டை இறுக்க இறுக்க புஷ் நகரும். அதுவும் மறுத்தால், ரப்பரைத் துளையிட்டு எடுத்துவிட்டு, வெளிக்குழலை உள்ளிருந்து ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் கீறி, உளியால் உள்பக்கம் மடக்கலாம். பிளேடு குழலோடு நிற்க வேண்டும். கண்ணின் உட்சுவரில் ஒரு கீறல் விழுந்தாலும், பின்னால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டை மட்டும் வீட்டில் தொடவில்லை. வளைந்த பட்டைகளை அது அழுத்திப் பிடித்திருக்கிறது. சும்மா கழற்றினால் பட்டைகள் விசையோடு விரியும். கட்டை அப்படியே ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டுபோய், மெயின் பட்டையை அங்கே மாற்றி, வலதுபுறத்தின் வளைவுக்கு ஒத்துப் பார்த்து வாங்கி வந்தார்கள்.

பூட்டும்போது செய்யும் தவறு

கழற்றுவதைவிடப் பூட்டுவதில்தான் அதிகம் கெடுகிறது. புது ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவித் தள்ளுகிறார்கள். சாதாரண கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் போதும். போல்ட்டின் தண்டில், இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் வேண்டும். அது இல்லாததால்தான் இத்தனை பாடும். கட்டை வண்டி ஓட்டிய காலத்தில் விளக்கெண்ணெயில் குழைத்த மை போடாமல் யாரும் நெடும்பயணம் கிளம்பியதில்லை. ஜீப்புக்கு மட்டும் அந்த மரியாதை இல்லாமல் போய்விட்டது.

ஷாக்கிள் போல்ட்டை ஒரேயடியாக இறுக்கக் கூடாது. வண்டி தூக்கியிருக்கும் நிலையில் இறுக்கினால், ஸ்பிரிங் தொங்கும் கோணத்தில் உள்குழல் கவ்விக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழும், சீக்கிரம் கிழியும். நட்டைக் கையால் ஏற்றி விட்டுவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிய பிறகுதான் கடைசி இறுக்கம்.

யூ போல்ட் ஒருமுறை இறுக்கி நீண்டது. பழையதைத் திரும்பப் போடுவதில் மிச்சமாகும் பணம் பெரிதல்ல. நாலு நட்டையும் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அதற்கு முன் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையில் உள்ள குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உட்காராமல் இறுக்கினால் ஆக்சில் கோணலாக நிற்கும். வண்டி நண்டுபோல ஓடும். போல்ட் வாங்கும்போது தலையில் 8.8 அல்லது 10.9 என்ற எண் பார்த்து, கழற்றியது எந்த எண்ணோ அதற்குக் குறையாமல் வாங்க வேண்டும். எண் இல்லாத பந்தல் போல்ட் பந்தலுக்குத்தான்.

கார் வைத்திருப்பவர்களுக்கு

பழைய மாருதி 800 மாதிரியான கார்களில் முன்பக்கம் பட்டை கிடையாது. சுருள் ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும் ஒன்றாக இருக்கும். அதன் மேல்முனையில் நடுவில் ஒரு நட் இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் அந்த நட்டை வீட்டில் யாரும் தொடக் கூடாது. அழுத்தி அடைத்த சுருள் ஸ்பிரிங் பீறிட்டால் முகமோ உயிரோ போகும். இது பட்டறை வேலை.

வீட்டில் செய்யக்கூடியது டை ராட் முனை. அது கூம்பாக உட்கார்ந்திருக்கும். அடியிலிருந்து மரையை அடித்து விரித்துவிடுகிறார்கள், அது தவறு. ஸ்பிளிட் பின்னை எடுத்துவிட்டு, நட்டை மரை முனைக்குச் சமமாக வரும்வரை தளர்த்தி, அங்கேயே விட்டுவிட வேண்டும். பிறகு அந்தக் கூம்பு உட்கார்ந்திருக்கும் கையின் பக்கவாட்டில் சுத்தியலால் ‘டக்’கென்று ஒரு கூர்மையான அடி, எதிர்ப்பக்கம் இன்னொரு கனமான சுத்தியலை அணைகொடுத்தால் இன்னும் நல்லது. ஓட்டை ஒரு நொடி நீள்வட்டமாகி, கூம்பு விடுபட்டு விழும். நட் இருப்பதால் காலில் விழாது. முடித்த பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

ஜீப் பறிப்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே தரையில் நேராக நின்றது. முதல் ஓட்டம் காலி வண்டியோடு, ஊருக்குள், மெதுவாக. நாலு இடத்தில் பிரேக் அழுத்திப் பார்த்து. இப்போது உரம் ஏற்றி வந்த அன்றைக்கே தரைத்தகட்டைப் பெருக்கி, அடியில் நல்ல தண்ணீரை அடித்துக் கழுவுவது மகனின் வேலை. கழிவு ஆயிலை அடியில் அடிக்கும் பழைய வழக்கத்தைப் பெரியவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அது புஷ்ஷுகளைத் தின்றுவிடும். ஐந்து நடை மாங்காய் போய் வந்த பிறகு யூ போல்ட்டுகளில் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்தார்கள். நாலில் மூன்று, கால் சுற்று ஏறின.